இருபத்தொரு நாள் விரதமும் ஒரு வைரசும்

எனக்குப் பசி தாங்காது. காலமை வயித்துக்குள்ளை ஏதும் போகாட்டி அண்டைக்கு முழுக்க வீட்டிலை ஒருத்தரும் என்னோட கதைக்க ஏலாது. அப்பிடிப்பட்ட நான் போன வருசம் கேதார கௌரி விரதத்தை முதல் நாளிலையிருந்து பிடிச்சன். இருபத்தொரு நாளும், ஒரு நேரச் சாப்பாட்டோட. முந்தின வருசங்களிலை கடைசி நாள் மட்டும் இருந்து, கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்து, நேரா சோத்துக் கோப்பைக்கு முன்னாலை குந்திறவள் நான். கொழும்பு வெள்ளவத்தையிலை எங்கட ஃபிளாட்டிலை இருக்கிற பெண்டுகளுக்கு ஆச்சரியம். என்ர மனிசனுக்குப் பெருமை பிடிபடேல்லை. பக்தி ஒரு மண்ணும் இல்லை. பயம்.

பயம் ஒரு போன் கோலிலை தொடங்கினது. நான் வேலை செய்யிறது கொட்டாஞ்சேனையிலை, ஒரு கப்பல் ஏஜென்சி ஒபிசிலை. பக்கத்து மேசைக்காரி அந்த ஊரிலையே பிறந்து வளந்தவள், கழுத்திலை சிலுவை போட்ட வேதக்காரி, சரியான வாய்க்காரி. முப்பத்தஞ்சு வயசுப் பெண்டுகளுக்கு அரசாங்கக் கிளினிக்கிலை காசில்லாமல் ஒரு செக் செய்வினம், கருப்பைக் கழுத்திலை ஒரு சின்னப் பிறஷாலை தொட்டு எடுத்து அனுப்புறது, பத்து நிமிசமும் எடுக்காது எண்டு அவள்தான் சொன்னவள். எனக்கு முப்பத்தஞ்சு எப்பவோ தாண்டிட்டுது. இண்டைக்குத் தலையிடி, நாளைக்கு மழை எண்டு நான் சாட்டுச் சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.

“ஏண்டி, ஒனக்கு ஒன்னும் வராதுன்னு ஜாதகத்துல எழுதியிருக்கா?” எண்டு கேட்டு, ஒருநாள் லஞ்ச் நேரம் என்னைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவள். இரண்டு பேருமாச் செய்தம். அவளுக்கு ஒண்டுமில்லை எண்டு வந்தது. எனக்கு மிட்வைஃப் மிஸ் போன் எடுத்து, டொக்டர் கதைக்கோணுமாம், ஒருக்கா வந்திட்டுப் போங்கோ எண்டா.

டொக்டர் ஒரு சிங்களப் பொம்பிளை, நல்ல மனிசி. “பய வெண்ட எபா,” பயப்பிடாதை எண்டுதான் தொடங்கினவ. பயப்பிடாதை எண்டு ஒரு டொக்டர் சொன்னால் அதுக்குப் பிறகு ஆர் பயப்பிடாமல் இருக்கிறது? மீன்காரனோட விலை பேச, திறீவீல்காரனோட சண்டை பிடிக்க என்ர சிங்களம் காணும். என்ர உடம்பைப் பற்றிக் கதைக்கக் காணாது. அவ சிங்களமும் இங்கிலிசும் கலந்து நிறையச் சொன்னவ. என்ர காதிலை விழுந்தது மூண்டு சொல்லுத்தான்: வைரஸ், செக்சுவலி, கான்சர். மிச்சம் எல்லாம் அந்த அறையிலை சுத்தின ஃபானோட போயிட்டுது. கடைசியிலை, பெரியாஸ்பத்திரியிலை லென்ஸ் வைச்சுப் பாக்கோணும், திகதி இன்னும் ஒரு மாதத்துக்கு மேலை கழிச்சு எண்டது மட்டும் விளங்கினது. எனக்குத் துணைக்கு வந்து பக்கத்துக் கதிரையிலை இருந்த வாய்க்காரி வாயே திறக்காமல் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தவள்.

பஸ்ஸிலை அவள் என்னவோ சொல்ல வெளிக்கிட, “இப்ப ஒண்டும் கதையாதை” எண்டு எரிஞ்சு விழுந்தன். வெள்ளவத்தையிலை இறங்கி முதல் வேலையா டெட்டோல் பெரிய போத்தில் ஒண்டு வாங்கினன்.

எங்கட ஆக்களுக்குக் கெட்டது ஒண்டு வந்தால் செய்யத் தெரிஞ்சது ஒரு விசயம்தான், விலக்கி வைக்கிறது. துடக்கு எண்டால் சாமியறைக்குள்ளை போகாதை, கிணத்தடியிலை நிக்காதை, அதைத் தொடாதை, இதிலை இராதை. நாலாம் மாடி ஃபிளாட்டிலை கிணறு ஏது? ஆனாலும் என்ர புத்தி கிணத்தடியிலைதான் நிண்டது. எனக்கெண்டு ஒரு சோப், ஒரு வாளி, ஒரு துவாய், ஒரு கோப்பை, ஒரு கிளாஸ். என்ர உடுப்பு வேறையா ஊறும். பாத்றூம் போய் வந்தால் டெட்டோல் ஊத்தித் தேய்ப்பன், கை தோல் உரிஞ்சு எரியும். எங்களுக்கு ஒரே ஒரு மகள், ஆறாம் வகுப்பு. படுக்கேக்குள்ளை என்ர கைக்குள்ளைதான் கிடப்பாள். அவளைத் தள்ளிப் படுக்க வைச்சன். முத்தம் குடுக்கிறதையும் விட்டன்.

பிள்ளையைத் தள்ளிப்போடலாம். மனிசனை என்ன சொல்லித் தள்ளுறது? அவருக்குச் சொல்லவும் ஏலாது. சொன்னால் ‘ஆரிட்டை இருந்து வந்தது’ எண்ட கேள்வி வரும். ஒரு கிழமை தலையிடி எண்டு சமாளிச்சன். பிறகு சுவரிலை தொங்கின கலண்டரைப் பாத்தால், கௌரி விரதம் தொடங்குது. அப்பாடா எண்டு இருந்தது. விரதம் எண்டால் வேறைச் சட்டி, வேறைக் கோப்பை, வேறைப் படுக்கை. ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கமாட்டினம். கேட்டால் அவைக்குத்தான் பாவம்.

“இந்த முறை முழுக்கப் பிடிக்கப் போறன். நீங்கள் ஹோலிலை படுங்கோ,” எண்டன்.

கேதார கௌரி விரதம் புருசனுக்காகப் பிடிக்கிற விரதம். உமாதேவியார் சிவன்ர உடம்பிலை பாதியை வாங்கினது இந்த விரதம் இருந்துதானாம். நான் என்ர உடம்பை அவரிட்டை இருந்து தள்ளி வைக்க அதையே பிடிச்சன். மனிசன் தலையணையையும் தூக்கிக்கொண்டு சந்தோசமா ஹோலுக்குப் போனார். அடுத்த நாள் கப்பல் வாழைப்பழமும் இளநியும் வாங்கிக்கொண்டு வந்து, “உமக்குத்தான், களைச்சுப் போவீர்” எண்டு வைச்சார். கனடாவிலை இருக்கிற தமக்கைக்குப் போன் எடுத்து, “என்ர மனிசி எனக்காக முழு விரதம் பிடிக்கிறா அக்கா” எண்டு சொன்னது குசினி வரைக்கும் கேட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எல்லாத்துக்கும் மேலாலை விசரும் வந்தது.

ஏனெண்டால் நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தன். என்ர சீவியத்திலை அவரைத் தவிர வேறை ஆம்பிளை இல்லை. அப்ப கணக்குச் சிம்பிள்தானே? கலியாணத்துக்கு முந்தி லண்டனிலை படிக்கப் போய் அஞ்சாறு வருசம் இருந்தவர். இல்லாட்டி இப்பவோ? கொம்பனி வேலையா மாதத்திலை இரண்டு தரம் திருகோணமலைக்குப் போறவர். அங்கை என்ன நடக்குதோ ஆர் கண்டது? பழத்தை உரிச்சுக்கொண்டு இருக்கேக்குள்ளை கேட்டுப் பாத்தன்.

“லண்டனிலை ஆரோட இருந்தனீங்கள்?”

“மூண்டு பெடியளோட. ஒரு றூமுக்குள்ளை. ஏன்?”

“சும்மா.”

“ஒருத்தன் இரவிரவாக் குறட்டை. இப்ப நினைச்சாலும் நித்திரை வராது,” எண்டு சிரிச்சார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பேல்லை. பசியிலை இருக்கிற பொம்பிளைக்கு எல்லாம் களவாத்தான் தெரியும்.

ஒபிசிலை லஞ்ச் நேரம் நான் சாப்பிடாமல் இருக்கிறதைப் பாத்திட்டு வாய்க்காரி விசயத்தைப் பிடுங்கிப்போட்டாள். டெட்டோல், வாளி, விரதம், லண்டன் எல்லாம். கேட்டு முடிச்சுத் தலையிலை கையை வைச்சாள்.

“மாதாவே! ஒனக்கு விசராடி? டொக்டர் அவ்வளவு நேரம் சொன்னாங்க, ஒரு வார்த்தை கேக்கலயா நீ? துவாயால வராது, சோப்பால வராது, பாத்றூமால வராது, ஒரு கிளாஸ்ல குடிச்சா வராது. அது படுக்கையில மட்டுந்தான், தோலோட தோல் பட்டு வாறது. புள்ளைய ஏன் தள்ளி வச்ச? புள்ளைக்கு என்ன வரப்போவுது?”

நான் டெட்டோலிலை உரிஞ்ச கையை மேசைக்குக் கீழை ஒளிச்சன்.

“அப்பறம் கேளு. இது தடிமன் காய்ச்சல் மாதிரி அவ்வளவு சாதாரணமாம். கலியாணம் கட்டின ஆளுகள்ல முக்காவாசிப் பேருக்கு எப்பவாச்சும் வந்து போயிருக்குமாம், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. ஒடம்பே வெரட்டிடும். சில பேருக்கு மட்டும் போவாம ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுலயும் சில வகைதான் வருசக்கணக்கா இருந்து கான்சராவுறது. அதுக்கு முன்னாடி புடிச்சிடத்தான் லென்ஸ் வச்சுப் பாக்குறாங்க. ஒனக்கு கான்சர்னு யாருடி சொன்னா?”

“அப்ப ஆரிட்டை இருந்து வந்தது?”

“அது கடவுளுக்கும் தெரியாதுன்னாங்க. ஆம்பளைகளுக்கு இதுக்கு செக்கும் இல்ல. பத்துப் பதினஞ்சு வருசம் சத்தமில்லாம இருந்துட்டு இப்ப தெரியலாம். நேத்து வந்தாலும் ஒன்னுதான், கலியாணத்தன்னைக்கு வந்தாலும் ஒன்னுதான். கொண்டம் போட்டா கொறையும், முழுசா நிக்காது. ஒங்க ரெண்டு பேருக்கும் அது எப்பவோ பொதுவாயிடுச்சு. இப்ப போய் ஹோல்ல படுக்க வக்கிறா! சாப்புடுடி முதல்ல.”

அவள் தன்ர பாண் துண்டிலை பாதியைத் தள்ளினாள். விரதம் எண்டு சொல்லி நான் தொடேல்லை. பொய் விரதம்தான், ஆனாலும் கௌரியோட விளையாடப் பயமா இருந்தது.

அண்டைக்கு வீட்டை போய் வாளியையும் சோப்பையும் ஒதுக்கிப்போட்டு, மகளைக் கூப்பிட்டுப் பக்கத்திலை இருத்தினன். அவள் கொஞ்சம் தள்ளி இருந்தாள். “விரதத்துக்குத் தொடலாமோ அம்மா?” எண்டு கேட்டாள். இழுத்து மடியிலை போட்டுக்கொண்டன்.

மனிசன் விசயம் மட்டும் அப்பிடியே கிடந்தது. வாய்க்காரி சொன்னது புத்திக்கு விளங்கினது, மனசுக்கு விளங்கேல்லை. லென்ஸ் வைச்சுப் பாத்து, உள்ளுக்கு ஏதும் பொல்லாதது எண்டால்? இந்தப் பிள்ளைக்குப் பதினொரு வயசும் ஆகேல்லை. இரவிலை வயித்தைத் தடவிப் பாத்துக்கொண்டு கிடப்பன். தடவினால் தெரியாது எண்டும் தெரியும். காப்புக் கட்டி விரதம் முடிஞ்சது. அடுத்த நாளே கந்தசஷ்டி தொடங்குது. “அதையும் பிடிக்கப் போறன்,” எண்டன். மனிசனுக்கு அப்பதான் கொஞ்சம் யோசனை வந்திருக்கோணும். ஆனா ஒண்டும் கேக்கேல்லை. தலையணை ஹோலிலையே கிடந்தது.

சஷ்டிக்குள்ளைதான் மகளின்ர பள்ளிக்கூடத்திலை இருந்து அறிவிச்சவை, ஆறாம் வகுப்புப் பெட்டையளுக்கு எச்பிவி ஊசி போடப் போயினமாம், தாய் தகப்பன் சம்மதம் சொல்லோணுமாம். எச்பிவி. என்ர கிளினிக் துண்டிலை எழுதியிருந்த வைரசின்ர பேர். இது வர முதல், ஒண்டும் அறியாத வயசிலை போட்டால்தான் நல்லா வேலை செய்யுமாம், ஆறு மாதத்தாலை இரண்டாவது ஊசியாம். உடனை ஓம் எண்டு அனுப்பியிருப்பன். ஆனா அதுக்குள்ளை மனிசன் எங்கட குடும்பக் குறூப்பிலை சும்மா ஒரு வாய்க்கு அதைச் சொல்லிப்போட்டார். தமக்கை கனடாவிலை இருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினா. உந்த ஊசி போட்டால் பிள்ளை பிறகு பிள்ளை பெறாதாம், ஆரோ சொன்னவையாம், குமராகாத பிள்ளைக்கு என்னத்துக்கு இப்பவே உந்த வருத்தத்துக்கு ஊசியாம். பிள்ளை பெறுற கதை பச்சைப் பொய், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை எண்டு கிளினிக்கிலை ஒரு வசனத்திலை சொல்லுவினம். ஆனா கனடாவிலை இருந்து வாற குரலுக்கு எங்கட வீடுகளிலை ஒரு தனி மரியாதை.

ஊசிக்கு முதல் நாள் பின்னேரம், மகள் கீழை விளையாடப் போயிருந்தாள். நான் பாலும் பழமுமாக் காஞ்சு போய் இருக்கிறன். மனிசன் வந்து மெதுவா ஆரம்பிச்சார்.

“இந்த முறை விடுவம். பிறகு பாப்பம்.”

“எப்ப பிறகு?”

“அக்கா சொல்லுறதிலையும் ஒரு நியாயம் இருக்குத்தானே. அது எப்பிடித் தொத்துற வருத்தம் எண்டு உமக்குத் தெரியும்தானே? ஒழுங்கில்லாமல் திரியிற ஆக்களுக்கு வாறது. எங்கட பிள்ளைக்கு என்னத்துக்கு? எங்கட வீடு அப்பிடியே?”

“எங்கட வீட்டிலைதான் இருக்கு,” எண்டன். “எனக்கு இருக்கு.”

சொல்லுவன் எண்டு நினைச்சுச் சொல்லேல்லை. வாய் தானாத் திறந்தது. வெளியிலை தண்டவாளத்திலை கோச்சி ஒண்டு போச்சுது. எங்கட பக்கம் அது போகேக்குள்ளை ஒருத்தரும் கதைக்கிறேல்லை, கதைச்சாலும் கேளாது. அது போய் முடியும் வரைக்கும் அவர் என்ர முகத்தைப் பாத்தபடி நிண்டார்.

“ஆர்?” எண்டு கேட்டார்.

எனக்கு விளங்கேல்லை முதலிலை. பிறகுதான் விளங்கினது. அவர் கேட்டது ‘ஆரிட்டை இருந்து உமக்கு வந்தது’ எண்டு. ஐயோ, என்னைக் கேக்கிறார்! இவ்வளவு நாளும் நான் அவரிலை ஒட்டி வைச்ச சந்தேகத்தை அவர் ஒரு செக்கனிலை என்னிலை ஒட்டிப்போட்டார். எனக்கு வந்த கோவத்துக்கு மேசையிலை இருந்த பால் கிளாசைத் தூக்கி எறிஞ்சிருப்பன். ஏனோ சிரிச்சன். சிரிச்சுச் சிரிச்சு அழுதன்.

“இதைத்தானே நானும் உங்களைக் கேக்கிறதுக்கு இவ்வளவு நாளும் பட்டினி கிடந்தனான்,” எண்டன்.

இருந்து எல்லாத்தையும் சொன்னன். கிளினிக், லென்ஸ், திகதி. ஒழுங்கு ஒழுங்கில்லை எண்ட கதையில்லை, ஒரே ஒரு ஆளோட சீவிச்சவைக்கும் வரும் எண்டது. எப்ப வந்தது, ஆராலை வந்தது எண்டு உலகத்திலை ஒருத்தராலையும் சொல்ல ஏலாது எண்டது. வாய்க்காரி எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொல்லச் சொல்லத்தான் எனக்கே நம்பிக்கை வந்தது. அவர் கையைப் பிசைஞ்சுகொண்டு இருந்தார். பிறகு தலையைக் குனிஞ்சபடி, “லண்டனிலை...” எண்டு தொடங்கினார்.

“வேண்டாம்,” எண்டன். “எனக்குக் கேக்க வேண்டாம்.” அதைக் கேக்கத்தான் ஒரு மாதமாத் தவிச்சன். வாயைத் திறக்கேக்குள்ளை வேண்டாம் போலை இருந்தது. லண்டனிலை நடந்தது என்ர வயித்துக்குள்ளை இருக்கிறதை மாத்தாது.

அவர் மேசையிலை இருந்த பால் கிளாசைப் பாத்தார். “அப்ப உந்த விரதம்?” எண்டு கேட்டார்.

“உங்களிட்டை இருந்து தள்ளிப் படுக்கத்தான்.”

“நான் எனக்காக எண்டு நினைச்சன். அக்காவுக்கும் சொல்லிப்போட்டன்,” எண்டு சொன்னார். அந்த ஆளிலை எனக்கு அண்டைக்கு வந்த பாவம் மாதிரி ஒருநாளும் வந்ததில்லை. கொஞ்சத்தாலை எழும்பி, போனை எடுத்து, மகளின்ர ரீச்சருக்கு ஓம் எண்டு அவரே அனுப்பினார். தமக்கைக்கு என்ன சொன்னார் எண்டு எனக்குத் தெரியாது. அந்த வொய்ஸ் மெசேஜுக்குப் பிறகு அவவிட்டை இருந்து ஒரு பூப் படம் மட்டும்தான் வந்தது. தலையணை அண்டைக்கு அறைக்குள்ளை வந்திட்டுது.

அடுத்த நாள் மகள் பள்ளிக்கூடத்தாலை வந்து, சட்டைக் கையை மடிச்சு ஊசி போட்ட இடத்தைக் காட்டினாள். ஒரு நுளம்புக் கடி அளவு கூட இல்லை. தான் அழேல்லையாம், பக்கத்துப் பிள்ளைதான் அழுததாம். நான் அந்த இடத்தைப் பாத்துக்கொண்டே இருந்தன்.

லென்ஸ் வைச்சுப் பாக்கிற நாளும் வந்தது. உள்ளை வாய்க்காரி வந்தாள், வெளியிலை வாங்கிலை குந்திக்கொண்டு மனிசன். ஒரு இடம் வெள்ளையாத் தெரியுது எண்டு சொல்லி, துளி சதை எடுத்து அனுப்பினவை. முடிவு வரும் வரைக்கும் நான் மனிசியா இருக்கேல்லை. சோத்துக்கு உப்புப் போட்டனோ இல்லையோ எண்டு தெரியாது. மனிசன் கடற்கரை றோட்டாலை என்னைப் பின்னேரங்களிலை நடத்திக் கூட்டிக்கொண்டு போவார்.

கான்சர் இல்லை எண்டு வந்தது. ஆனா விட்டால் ஒருநாள் ஆகக்கூடிய மாற்றம் தொடங்கியிருக்குதாம், அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டால் காணுமாம். விறைக்க ஊசி போட்டு எடுத்துவிட்டினம், அண்டைக்கே வீட்டை வந்திட்டன். இனி வருசா வருசம் போய்க் காட்டோணும். திரும்ப வராது எண்டு ஒருத்தரும் எழுதித் தரேல்லை. ஒவ்வொரு முறையும் அந்த வாங்கிலை போய் இருக்கத்தான் வேணும்.

அந்த இடத்தை எடுத்துவிட்ட அண்டைக்குப் பின்னேரம் நான் படுத்திருக்க, மகள் வந்து என்ர கைக்குள்ளை கிடந்தாள். அம்மாவுக்கு என்ன எண்டு தகப்பன் அவளுக்கு ஏதோ அளவாச் சொல்லியிருக்கிறார் போலை.

“அம்மா, எனக்குப் போட்ட ஊசி இந்த வருத்தத்துக்குத்தானே?”

“ஓம் குஞ்சு. அது வராமல் இருக்க.”

“உங்களுக்குச் சின்னனிலை போடேல்லையோ?”

“இல்லை. எங்கட காலத்திலை அது இல்லை.”

“அப்ப ஒருத்தருமே உங்களுக்குப் போட்டுவிடேல்லையோ?”

நான் தலையை ஆட்டினன். அவள் எழும்பி இருந்தாள். என்ர சட்டைக் கையை மேலை மடிச்சாள். தோளுக்குக் கீழை, தனக்குப் போட்ட அதே இடத்தைப் பெருவிரலாலை தடவித் துடைச்சாள், நேர்ஸ் துடைச்ச மாதிரி.

“அங்காலை பாருங்கோ,” எண்டாள். “கொஞ்சம்தான் நோகும். அழக் கூடாது.”

ஒரு விரலாலை மெதுவாக் குத்தினாள். நான் அழுதிட்டன்.